ஆலமரத்திலிருந்து இறக்கிய நஞ்சுக்கொடி

இன்று காலை வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்ததும் நீலகிரித் தைலம் மூக்கில் ஏறியது. அழுகல் நாற்றம் தெரியாமலிருக்க உள்பக்கம் ஒரு சொட்டு தடவிக்கொள்வது உன் வழக்கம். அப்போது கிண்டலடிப்பேன். இப்போது நானே தடவிக்கொள்கிறேன்.

மல்லிகா அக்காவின் ஆடு ஒன்று மறுபடி மாசம் நிறையாமல் குட்டி வீசிவிட்டதாம். நம் கால்நடை ஆய்வகத்திலிருந்து நான் மட்டும் போனேன். ஏரிக்கரை ஆலமரத்தை நிமிர்ந்து பார்க்காமல் கடக்க முடியவில்லை.

அன்று நடந்தது ஞாபகமிருக்கிறதா? அக்காவின் சினை ஆடுகள் மாசம் நெருங்கும் நேரத்தில் வரிசையாகச் செத்த குட்டிகளை வீசிக்கொண்டிருந்தன. தெருவே கண்ணேறு என்றது. வரிசையாக வீசினால் கிருமியாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. எந்தக் கிருமி என்று தெரிய நஞ்சுக்கொடி வேண்டும். எங்கே என்று கேட்டேன். அக்கா மரத்தைக் காட்டினார். மாடு கன்று போட்டால் சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்களே, அதை ஆட்டுக்கும் செய்திருந்தார்.

"மாட்டுக்குக் கட்டுனா பாலு சுரக்குது. ஆட்டுக்குக் கட்டுனா குட்டி தங்காதா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ செருப்பைக் கழற்றினாய்.

"மச்சான், நீ கீழ நின்னு திட்டிகினே இரு. முடிக்கறதுக்குள்ள வந்துர்றேன்."

பொட்டலத்தோடும் மேலெல்லாம் கட்டெறும்போடும் இறங்கினாய். ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அக்காவே சிரித்துவிட்டார்.

கொட்டிலுக்குள் போனதும் எனக்குச் சிரிப்பு நின்றது. அக்காவின் மருமகள் செல்வி, வாயும் வயிறுமாக, ஆடு வீசிய இடத்தை வெறுங்கையால் கழுவிக்கொண்டிருந்தாள். "வெளிய போங்க. இந்தக் கிருமி மனுசருக்கும் வரும், உங்க கருவும் கலைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேறு மாதிரி பேச வராது.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா நைனா, ஆட்டப் பாக்க வந்தியா, எங்க ஊட்டுப் பொண்ண சபிக்க வந்தியா?"

நீ நடுவில் புகுந்தாய். "ரெண்டு பேரயும் பாக்கத்தான் வந்தோம்க்கா. ஆடு சொன்னா கேக்காது, நீ கேப்ப." சொல்லிக்கொண்டே செல்வி கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி, கையுறையோடு நீயே கழுவ ஆரம்பித்தாய். வீசிய குட்டிகளைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தாய். செல்வி அன்றைக்கே நெமிலிச்சேரிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனாள்.

சோதனையில் வந்தது ஆடுகளின் கருவைக் கலைக்கிற கிளமிடியா. கர்ப்பிணிகளுக்கும் ஆபத்தானது. செல்விக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிவிட்டோம். அதன் பிறகும் நீ அடங்கவில்லை. தினமும் டீ குடிக்கும்போது அதே கேள்வி: "செல்வி போன் பண்ணுச்சாடா?" பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, சும்மா இரு என்பேன். "உனக்கு ரிசல்ட்டு வந்தா போதும் மச்சான். எனக்குக் குழந்தை வரணும்."

அதற்குள் ஒரு மழை நாளில், பாடி மேம்பாலத்தில் உன் வண்டி சறுக்கியது. உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த அடுத்த வாரம் செல்வி எனக்குப் போன் செய்தாள். "பாப்பா பொறந்துடுச்சு. அந்த அண்ணனுக்குப் போனே போவல. நீங்க சொல்லிருங்க." எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற எனக்கு, நீ இல்லை என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இன்று செல்வியே வாசலில் நின்றாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "மரமேறுன அண்ணன் வர்லியா?"

இந்தத் தடவை சொல்லிவிட்டேன். அவள் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப பாப்பா பொறந்தது அவருக்குத் தெரியவே தெரியாதா?"

திரும்பி வரும் ரயில் முழுக்க அந்தக் கேள்விதான். அதற்காகவே எழுதுகிறேன்.

பெண் குழந்தை, மச்சான். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அது இப்போது ஓடுகிறது. கொட்டில் பக்கம் மட்டும் விடுவதில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு ஆடுகளைக் கூப்பிடுகிறது. ஒன்றுகூட அது சொல்வதைக் கேட்பதில்லை.