வெள்ளைப் பலகையில் படிந்த அழுக்கு

செவ்வாய், மூன்றாம் பயிர்க்கூடம்
எழுதுவது: லூர்து பெர்னாண்டோ, பயிர் ஆய்வாளர்

நாள் 212, காலை 08:10
கூரைக் கேமரா கீரைப் பாத்திகளைப் படித்து முடித்தது. இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கூடினால் இலை வெளுத்திருக்கிறது, நைட்ரஜன் போதவில்லை என்று அர்த்தம். இன்றும் போதவில்லையாம். குழாய் தானாகத் திறந்து உரக்கரைசலை விட்டது. என் கண்ணுக்கு இலைகள் கரும்பச்சை. வேர்த்தொட்டியில் அழுகல் நாற்றம், சோறு இறங்கவில்லை. அறுவடை வழக்கம்போல் தானியங்கி வண்டியில், எல்லோரும் குடியிருக்கும் தளத்துக்குப் போனது.

நாள் 214, காலை 11:30
கேமரா கூரைத் தண்டவாளத்தில் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. ஏணி வைத்து ஏறி அதன் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. கேமரா முதலில் அதைப் பார்க்கும், பிறகு இலையை அதோடு ஒப்பிடும். பலகை வெள்ளையாகவே இல்லை. மேலெல்லாம் சளி மாதிரிப் பழுப்புப் பாசி. தொட்டால் விரலோடு நூலாக வந்தது. பலகை கறுக்கக் கறுக்க இலை வெளுத்ததாகக் கணக்கு வந்திருக்கிறது. பசியில்லாத பயிருக்கு வாரக்கணக்கில் உரத்தைத் திணித்திருக்கிறோம். இலையைச் சோதித்தேன்: மிஞ்சிய உரம் நைட்ரேட்டாகத் தேங்கி, வரம்பைவிடப் பல மடங்கு.

தள இயக்குநர் சொக்கலிங்கத்துக்கு வானொலியில் சொன்னேன். பதில்:
"பலகையத் தொடைச்சிட்டீங்கல்ல, அப்புறமென்ன? வெளிய சொல்லிட்டிருக்காதீங்க லூர்து. இந்த அளவீட்டக் காட்டித்தான் அடுத்த கப்பலுக்கு அனுமதி வாங்கியிருக்கேன்."

நாள் 215, பிற்பகல் 14:05
வானொலியில் தளத்துச் செவிலி ஷமீமா:
"அக்கா, கங்காவோட கைக்குழந்தைக்கு உதடு நீலமாயிடுச்சு. ரத்தம் காப்பி நிறத்துல இருக்கு. உங்க கீரை மசியல்தான் புதுசா ஊட்டியிருக்காங்க."

நைட்ரேட் விஷம் என்றேன். மாற்று மருந்தான மெத்திலீன் நீலத்தை ஊசியில் போடச் சொன்னேன். கீரையைப் பற்றிச் சொக்கலிங்கம் தளத்தில் யாரையும் எச்சரித்திருக்கவில்லை.

அவர் குரல் அடுத்து வந்தது: "தண்ணிதான் காரணம்னு அறிக்கை அனுப்பியாச்சு. சாயங்கால அறுவடைய நிறுத்தாதீங்க."

அந்த வாயோடு இத்தனை நாள் மரியாதையாகப் பேசியிருக்கிறேன்.

நாள் 215, பிற்பகல் 16:40
ஷமீமா: "நிறம் திரும்பிருச்சு அக்கா. அழுவுறான். கீரை தின்ன மத்த ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர..." இணைப்பு அறுந்தது. அறுத்தது யார் என்று தெரியும்.

அறுவடை இயந்திரத்தின் கைகள் தானாக அசையத் தொடங்கின. சொக்கலிங்கம்தான் தளத்திலிருந்து இயக்குகிறான். அவற்றின் கம்பிகளை வெட்டினேன். யாரும் தின்ன முடியாதபடி கீரையைப் பிடுங்கி வேர்த்தொட்டி அழுகலில் அமுக்குகிறேன். முழங்கை வரை நாறுகிறது.

நாள் 215, மாலை 18:20
சூட்டை நிறுத்திவிட்டான். "கீரைய வண்டியில ஏத்துங்க, சூடு வந்துரும்." பிடுங்கிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் இரண்டு பாத்தி.

நேரம் தெரியவில்லை
விரல் மடங்கவில்லை. கடைசிப் பாத்தியில் பாதிதான் முடிந்தது. மிச்சத்தை அவன் ஆட்கள் எடுக்காதபடி கதவை உள்ளிருந்து அடைத்திருக்கிறேன். திறந்து வருகிறவரே, பச்சையாக இருக்கிறதே என்று பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டு போகாதீ