கேபிளைப் பிடுங்கினால் படம், செருகினால் குரல்

விஜயதசமி, காலை 6.10. கரை வீடு, வட ஏரி, டைட்டன் (சனிக் கோளின் நிலா)

காற்று சரி. சூடு சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால். அரிசி நேற்றுச் சர்க்கரைப் பொங்கலுக்கு இரண்டு பிடி கூடுதல் செலவு. அடுத்த வாரம் குறைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குறிப்பை எங்களுக்குப் பின்னால் இங்கே குடிவரப் போகிறவர்களுக்காக எழுதிவருகிறேன். என் பெயர் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டிப் பக்கம். கணவர் ஆவுடையப்பன் இந்த மீத்தேன் ஏரியில் மிதக்கும் கருவிகளைப் பழுது பார்க்கப் படகில் போய்வருகிறவர். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் திரும்பும்போது கரையிலிருந்து வழி சொல்வதும் வீட்டு வேலையில் சேர்த்தி. வெளியே எந்நேரமும் ஆரஞ்சு மூட்டம். படகு விளக்கின் வெளிச்சத்துக்கு அப்பால் அவருக்கு ஒன்றும் தெரியாது. துறைக்கு முன்னால் பனிப்பாறைகள் பல்வரிசை மாதிரி நிற்கின்றன. கூரை ரேடார் பார்ப்பதை இந்தப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் படமாக்கிக் காட்டும். அதைப் பார்த்து நான் இடது, வலது சொல்வேன்.

நேற்று சரஸ்வதி பூஜை. நாலு வருடமாக அணைக்காமலே ஓடிய கம்ப்யூட்டரை இந்தத் தடவை முறைப்படி அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, அம்பாள் படத்துக்கு முன் வைத்தேன். நமக்குச் சோறு போடுகிற ஆயுதம், அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா. அவரும் தூர மிதவையில் படகைக் கட்டி, எஞ்சினுக்குப் பொட்டு வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

இன்று புனர்பூஜை முடித்துப் பொத்தானை அழுத்தினேன். "அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்று ஓர் அறிவிப்பு வந்தது. அது போனதும் திரை கறுத்துவிட்டது. கறுப்பாகவே இருக்கிறது.

காலை 8.00

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மையத்தைக் கூப்பிட்டேன். பணியில் ரெபேக்கா. நாகர்கோவில் பெண், வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் நல்ல பிள்ளை.

"எக்கா, சந்தனத்த ஃபேன் ஓட்டைக்குள்ள கொண்டு வச்சியளா?"

"முன்பக்கம் மட்டுந்தான் வச்சேன் தாயி. ஒரு சொட்டு உள்ள போகல."

"அப்போ உள்ளதான் கோளாறாக்கும். நாலு வருசமா அணைக்காததுனால ஒரு அப்டேட்டும் உள்ள ஏறாம வரிசையில நின்னிருக்கு. நீங்க அணைச்சு எழுப்பினதும் எல்லாம் மொத்தமா ஏறிட்டு."

படம் வரைவது கிராபிக்ஸ் கார்டு. அதோடு கம்ப்யூட்டர் பேசுவதற்கான மென்பொருள்தான் டிரைவர். எங்கள் கார்டு, இவர் ஒரு செத்த மெஷினிலிருந்து கழற்றிப் போட்டது. அதற்கென்று ஒரு பழைய டிரைவர் இருந்தது. இப்போது புதிய டிரைவர் ஒன்று வந்து அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஃப் மோடில், அதாவது அவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு எழும்பும் நிலையில், திறந்து பார்த்தேன். ஒரே கார்டு, இரண்டு பெயர், இரண்டிலும் மஞ்சள் எச்சரிக்கைக் குறி.

ஆகவே செய்ய வேண்டியது சுலபம்: புதியதை நீக்கு, மெஷினைத் திரும்ப எழுப்பு. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

காலை 10.40

நீக்கினேன். எழுப்பினேன். புதிய டிரைவர் திரும்ப வந்துவிட்டது.

மறுபடி நீக்கினேன். மறுபடி வந்துவிட்டது. திரையில் மஞ்சளும் பச்சையுமாகக் கோடுகள். உலராத சாயச் சேலையைக் கொடியில் போட்டது மாதிரி வழிகிறது. அப்டேட்டை நிறுத்தும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கிறது. அது பூமியில் இருக்கிறது. கார்டையே கழற்றிப் பார்த்தேன். கார்டு இல்லாமல் எழுத்து மட்டும் தெரிகிறது, ரேடார் படம் திறக்க மாட்டேன் என்கிறது. திரும்ப மாட்டினேன்.

பூமிக்குச் செய்தி அனுப்பினால் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையிலேயே அனுப்பியிருந்தேன். பதில் இப்போது வந்தது: "உங்கள் புகார் பெறப்பட்டது. பெட்டியின் பின்புறம் ஒட்டியுள்ள எண்ணைப் படமெடுத்து அனுப்பவும்." ஒட்டியிருந்த தாள் எப்போதோ உரிந்துபோயிற்று. எழுதவே கை வரவில்லை, அவ்வளவு எரிச்சல்.

மிதவையிலிருந்து கிளம்பிவிட்டதாக இவர் சொன்னார்.

"ஏளா, படம் வந்துட்டா?"

"இன்னும் இல்லங்க. டிரைவர் மல்லுக்கு நிக்கி."

"நேத்து லீவு குடுத்தேல்லா, ருசி கண்டுட்டு. இன்னைக்கும் லீவு போடுது."

"நீங்க சிரிங்க. பாறைகிட்ட வந்தா அப்படியே நில்லுங்க. நான் சொல்லாம நகரக் கூடாது."

"சரிங்க டீச்சர்."

அவரிடம் காற்றும் சூடும் நாளை மத்தியானம் வரை இருக்கிறது. நான் மட்டும் நிதானமாக இருந்தால் போதும்.

மத்தியானம் 1.15

கண்டுபிடித்தேன்.

புதிய டிரைவர் மையத்திலிருந்து வரும் கேபிள் வழியாகத்தான் வருகிறது. அதைப் பிடுங்கிவிட்டு நீக்கினால் திரும்ப வர வழியில்லை. பிடுங்கினேன், நீக்கினேன், எழுப்பினேன். பழைய படம் அப்படியே வந்தது. மங்கல்தான், கட்டம் கட்டமாகத்தான் தெரியும், ஆனால் ஒவ்வொரு பாறையும் அதனதன் இடத்தில். ஓரத்தில், ரேடாருக்குத் தெரிவதற்கென்று படகில் மாட்டிய தகடு ஒரு வெள்ளைப் புள்ளியாக. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மைக்கை எடுத்து அவரைக் கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. மையம் வழியாக அவருக்குக் குரல் போவதும் அதே கேபிளில்.

செருகினேன். செருகிய மறுகணமே புதிய டிரைவர் வந்து பழையதைத் தூக்கி வெளியே போட, திரை கறுத்தது.

"எங்க போன?" என்றார். "நாலு தடவ கூப்பிட்டேன்."

"இங்கதான் இருக்கேன். படத்தப் பாத்தேன், உங்களையும் பாத்தேன். ஆனா பாக்கையில பேச முடியல, பேசையில பாக்க முடியல."

"கல்யாணத்துக்கு முன்னாலயும் நமக்கு அப்படித்தான இருந்துச்சு."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, அவ்வளவு கோபம் இருந்தது எனக்கு.

மாலை 4.00

கஷ்டம் தீர்ந்தது. கேபிளைச் செருகியபடியே விட்டுவிட்டு கந்த சஷ்டி கவசம் ஒரு முறை சொல்லி முடித்தேன். அதற்குள் புதிய டிரைவர் தானாகவே கார்டோடு சமாதானமாகிவிட்டது. கோடு இல்லை, கறுப்பு இல்லை. இப்படி ஒரு படத்தை இந்தத் திரையில் நான் பார்த்ததே இல்லை. கட்டமெல்லாம் போய் வழவழவென்று இருக்கிறது. படகு எண்ணெயில் வழுக்குவது மாதிரி நகர்கிறது. குரலும் இருக்கிறது.

காலையிலிருந்து இதை எவ்வளவு திட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு, விபூதி எடுத்து மெஷினுக்கும் இட்டேன்.

அவரைப் பல்வரிசைக்குள் கூட்டி வருகிறேன். "இடது. போதும். நேரே." படகு சொன்னபடி கேட்கிறது.

மாலை 5.20

படகு பாதி தூரம் வந்துவிட்டதாகத் திரையில் தெரிந்தது. சொன்னேன்.

"பாதி எப்படி வந்திருப்பேன்? நான் எஞ்சின அணைச்சுட்டுல்லா நிக்கேன். பக்கவாட்டுல என்னமோ உரசுது, அதான் நிறுத்துனேன். கொஞ்ச நேரமாச்சு."

திரையில் படகு அப்போதும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. நான் ரெபேக்காவைக் கூப்பிட்டேன். அவள் விளையாட்டை விட்டுவிட்டுப் பேசினாள்.

"எக்கா, அந்தப் புது டிரைவர் பெரிய கார்டுக்குள்ளதாக்கும். படத்துக்கும் படத்துக்கும் இடையில தானே ஊகிச்சு வரைஞ்சு நிரப்பும், அப்போதான் வழுக்கிட்டுப் போகும். உங்க கார்டுக்கு ரேடார் அனுப்புறத வாங்கவே தெம்பு இல்ல. அதனால முழுசும் ஊகமாத்தான் ஓடுது. உங்க வீட்டுப் படகு எப்பவும் துறைக்குத்தான வரும், அதனால வர மாதிரியே வரையுது."

"அப்போ நான் இவ்வளவு நேரம் சொன்ன இடது வலதெல்லாம்?"

மீட்புப் படகை அனுப்பச் சொல்லி அவள் அங்கே யாரிடமோ கத்துவது கேட்டது.

மையத்திலிருந்து மீட்புப் படகு புறப்படுகிறது. வந்து சேர இரண்டு நாள் ஆகும்.

மறுநாள், காலை 7.00

தூங்கவில்லை. ஒரு முறை வகுத்துக்கொண்டேன். பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம், எழுதுகிறேன்.

கேபிளைப் பிடுங்கு. சேஃப் மோடில் புதியதை நீக்கு. எழுப்பு. வரும் மங்கல் படத்தைப் பார்த்துத் தாளில் பாறைகளையும் புள்ளியையும் குறி. கேபிளைச் செருகு. தாளைப் பார்த்து அவரிடம் சொல். திரும்பவும் பிடுங்கு.

இந்தக் கிழட்டு மெஷின் ஒரு தடவை எழும்புவதற்குள் ஒரு உலைச் சோறு வெந்துவிடும். அதற்குள் படகைக் காற்று கொஞ்சம் தள்ளிவிடுகிறது. தாளில் இருப்பது எப்போதும் பழைய இடம். ஆனாலும் தப்பு இடத்திலிருந்து அவரை வெளியே எடுத்து, நல்ல வழியில் விட்டிருக்கிறேன். இரண்டு பாறை தாண்டியாயிற்று. இன்னும் இரண்டு.

"கை மரத்துப்போச்சுளா."

"சூட்டக் கூட்டி வைங்களேன்."

"கூட்டித்தான் வச்சிருக்கேன்."

உரசியதில் ஏதோ கசிகிறது. கணக்கு போட எனக்குத் தெரியும், போட்டுவிட்டேன். மத்தியானம் வரை தாங்காது.

காலை 9.30

மூன்றாவது பாறை தாண்டியாயிற்று. மெஷின் எழும்பும்போது நடுவில் நின்றுவிட்டது. ஒரு தட்டு தட்டினேன், ஓடியது. பூமியிலிருந்து இன்னொரு பதில்: "உங்கள் சாதனம் ஆதரவுக் காலம் முடிந்தது. எங்கள் சேவையை ஐந்தில் எத்தனை மதிப்பிடுவீர்கள்?" பதில் எழுத உட்காரவில்லை.

செருகினேன்.

"ஏங்க. மூக்குக்கு நேரே ரெண்டு படகு நீளம் வாங்க. அப்புறம் வலது கைப் பக்கம். கேக்குதா?"

"ம்."

"வலது."

"ஏளா, நீ அங்க போயி பாக்கதுக்குப் பதிலா பேசிட்டே இரேன்."

"பாக்காம எப்படிங்க வழி சொல்லுவேன்?"

"வழி கெடக்கட்டும். செத்த நேரம் பேசு."

பேசியிருக்கலாம். நான் பிடுங்கினேன். இன்னும் ஒரு பாறைதானே என்று பிடுங்கினேன்.

காலை 10.15

பழைய படம் வந்தது. பாறைகள் இருக்கின்றன. புள்ளி இல்லை.

ரேடார் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. இல்லை.

செருகினேன், கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும். ரெபேக்கா, "பாறைக்குப் பின்னால ஒதுங்கியிருந்தாலும் புள்ளி தெரியாது, எக்கா. மனச விடாதிய" என்றாள். அழுகிற குரல் அவளுக்கு. மனதை விடவில்லை. பிடுங்கினேன், நீக்கினேன், எழுப்பினேன். இல்லை. செருகினேன், கூப்பிட்டேன். திரும்பப் பிடுங்கினேன்.

மத்தியானம்

இல்லை.

பிடுங்கினேன் இல்லை செருகினேன் இல்லை

இந்தக் குறிப்பில் ஒரு நாளும் பொய்யாக ஒரு வரி எழுதியவள் இல்லை நான். தாயே, உனக்குத் தெரியும்.

மாலை

ரெபேக்கா கூப்பிட்டாள். மீட்புப் படகு பாதி வழியில் இருக்கிறதாம். கேபிளைப் பிடுங்கிப் படத்தை ஒரு தரம் பார்த்துச் சொல்லச் சொன்னாள். வருகிறவர்களுக்கு எங்கே தேடுவதென்று தெரிய வேண்டுமாம்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குரல் வரும் வழியை இனி அடைக்க மாட்டேன். அவர் கூப்பிட்டால் நான் இருக்க வேண்டும். அவரிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன், காலையில் கேட்டாரே.

புதிய டிரைவர் மறுபடி சமாதானமாகிவிட்டது. வழவழப்பான படம். மூட்டத்திலிருந்து படகு வெளியே வருகிறது, ஒவ்வொரு பாறையாக ஒதுங்கி ஒதுங்கி வருகிறது, ஒன்றில்கூட உரசவில்லை. துறைக்கு முன்னால் மறைந்துபோகிறது. கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து மறுபடி கிளம்புகிறது. ரெபேக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன், இவர் குரல் வந்தால் கேட்காது.

இடது. போதும். நேரே வாங்க.

போன தடவையைவிட இந்தத் தடவை துறைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறார்.