ஊரே உன் நடை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. உடம்பு முடியாதவன் இவ்வளவு நீளமாகக் கோபித்துக்கொள்ள மாட்டான்.

நம் முதல் வீடியோ கேமுக்கு நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? தரைக்குக்கூட நாமே நிரல் எழுதினோம். பாவம், கதாநாயகன் நடக்கும்போதே தரைக்குள் விழுந்து காணாமல் போவான். மழைக்கு நீ, கதவுக்கு நான் என்று மல்லுக்கட்டியதில் கேம் முடியவே இல்லை. நீயும் வெறுத்துப்போய் வேலை தேடி அங்கே போய்விட்டாய். இப்போது தரை, மழை, நிழல், கதவு எல்லாம் கேம் எஞ்சின் என்ற மென்பொருளில் தயாராக இருக்கின்றன. எடுத்து மாட்டினால் போதும். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். வீடு கட்டுகிறவர் செங்கல்லையும் தானே சுட வேண்டுமா என்ன?

இப்போது செய்திருக்கும் புது கேமுக்குப் பழையதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது உன் நடையை மட்டும்தான். கேமரா முன்னால் நீ நடந்து காட்ட, அதைத் தனித் துண்டாகச் செய்து வைத்தோமே, அது. கேமில் வரும் தபால்காரருக்கு மாட்டிப் பார்த்தேன். பிறகு அதை மறந்துபோய் அவரையே நகலெடுத்து மற்றவர்களைச் செய்துவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் கடைக்காரர், காவலாளி, மகாராணி எல்லோரும் இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார்கள்! விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அந்த ஊரில் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

வெளியீட்டு நிறுவனத்துக்காரர் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க ஊர்ல ஒருத்தர்கூட நேரா நடக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். எஞ்சினிலேயே நல்ல நடை இருக்கிறதாம், அதை மாட்டினால்தான் ஒப்பந்தமாம். ஒரே இடத்தில் மாற்றினால் ஊரே நிமிர்ந்துவிடும், நிமிட வேலை. அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் வேலையை விட்டேன். ஆனாலும் "மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீயும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, எல்லோரும் சிரிப்பார்கள், மாற்றிவிடு என்று எழுதுகிறாய். உனக்கும் அதே பதில்தான். நானே வெளியிடப்போகிறேன். விற்காவிட்டால் போகிறது!

பள்ளிக்கூடம் போகும்போது யார் கண்ணிலும் படக் கூடாதென்று என் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவாய். இன்னும் அப்படித்தான் இருக்கிறாய்.

வெளியீட்டு நாளன்று கட்டாயம் வா. என் அலுவலக வாசல்வரை டாக்சியில் வந்து இறங்கினால் உன்னோடு பேசமாட்டேன். பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பேன். கடைத்தெரு வழியாகவே அலுவலகத்துக்குப் போவோம். நீ முன்னால் நட. நான் உன் பின்னால் வருகிறேன்.

உன் பிடிவாதக்கார அக்கா