இரண்டு பானை, நடுவில் ஒரு குரல்

பொன்மலை ரயில்வே குடியிருப்புவாசிகள் அனைவருக்கும் மிகுந்த பணிவுடன் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், எங்கள் வீட்டு இடது பானைக்குள் பல்லி ஒன்று முட்டையிட்டிருக்கிறது. எண்ணிக்கை இரண்டு. ஸ்டீரியோ என்றால் ஜோடியாகத்தான் வேண்டும் என்பது பல்லிக்கும் தெரிந்திருக்கிறது.

நீ இருந்திருந்தால் இதை உன் ஜன்னலுக்கு வெளியே நின்று தண்டோராக் குரலில் சொல்லியிருப்பேன். நீ சிரித்து, சிரித்ததால் இருமி, "மூச்சு வாங்குதுடா, போதும்" என்று கும்பிட்டிருப்பாய். உன் அப்பா மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இப்போது வேறொரு குடும்பம். அதனால் எழுதுகிறேன்.

தூசி தட்டலாம் என்று பானை வாயிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றியபோதுதான் முட்டைகளைப் பார்த்தேன். பானைக்குள் இன்னும் ஈயம் பற்றவைத்த வாசனை இருக்கிறது.

ஒர்க்ஷாப்பில் அப்ரெண்டிஸாக இருந்த நீ, மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரைச் செய்து முடித்திருந்தாய். ஸ்பீக்கர்தான் பாக்கி. பெரிய கடை வீதியில் தேக்குப் பெட்டிக்குள் இருந்த ஒரு ஜோடியைக் கடைக்கார பாய் பாடவிட்டுக் காட்டினார். பாட்டைக் கேட்டோம், விலையையும் கேட்டோம், காது அடைத்துவிட்டது.

"பெட்டி வேணாம் பாய், உள்ள இருக்கறது மட்டும் போதும்" என்றாய்.

"அப்ப ஒரே கம்பெனி, ஒரே சைஸா ரெண்டு எடுத்துக்கங்க தம்பி. பெரிசு ஒண்ணு சின்னது ஒண்ணுன்னா குடும்பம் நடக்காது."

காந்தத்தைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தேன். காகிதக் கூம்பை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அழுத்தி, உள்ளே உரசுகிறதா என்று காதோடு வைத்துக் கேட்டேன். ஏழு ஸ்பீக்கர்களை ஒதுக்கிவிட்டு இரண்டை எடுத்தேன். பொன்மலையிலேயே கூர்மையான காது என்னுடையது என்று அன்றைக்கே பிரகடனம் செய்தேன்.

பெட்டிக்குப் பதில் பானை. ஸ்பீக்கரைப் பானை வாயில் மூடிபோலப் பொருத்தினால் தாழ்ந்த ஒலி கனமாக வரும். ஒர்க்ஷாப்பில் கையில் காசில்லாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஸ்ரீரங்கத்துப் பானைக் கடையில், இரண்டு பானை ஒரே சத்தம் கொடுக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தோம்.

"பானை வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றாள் கடைக்காரம்மா. வயர் வெளியே வர ஓர் ஓட்டை வேண்டும் என்று நீ கேட்டதும் அவள் முகம் மாறியது. "புதுப் பானையில எதுக்கு ஓட்டை போடுவாங்கன்னு தெரியாதா தம்பி? நான் போட மாட்டேன்."

"இது பாடுற பானைம்மா" என்றேன் நான். நீயும் சிரித்தாய்.

உன்னால் குனிந்து வேலை செய்ய முடியவில்லை. "'இரு'தயம்னு பேர்லதான்டா ரெண்டு. குடுத்தது ஒண்ணு, அதுலயும் வால்வு ரிப்பேர்" என்பாய். அதனால் ஓட்டை போட்டதும், உள்ளே வயரைப் பற்றவைத்து மூடியதும் நான். மதராஸில் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருந்தது. நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"இடது பானையில வீணை, வலதுல மிருதங்கம். பாடுற குரல் மட்டும் நடுவுல, ஒண்ணுமே இல்லாத இடத்துல நிக்கணும். அதைக் கேட்டுட்டுப் போயிட்டு வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இசைத்தட்டை ஓடவிட்டபோது குரல் நடுவில் நிற்கவில்லை. எங்கிருந்தோ வந்தது. மிருதங்கம் தகர டப்பா ஆகிவிட்டது. மூன்று நாள் நீ முக்காலியை நகர்த்தினாய், பானைகளை நகர்த்தினாய், ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மறுபடி மாட்டினாய். "மலிவா எடுத்தா இப்படித்தான் போல" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். மூன்றாம் நாள் பானையைத் தூக்கியபடியே சுவரில் சாய்ந்தாய். புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன் மாப்ளே" என்றேன் வார்டில். "மதராஸ் போயிட்டு வந்து கேளு."

"எதுலடா தப்பு?"

"சொல்லிட்டா நீ வரமாட்டே."

"கெட்டிக்காரன்டா நீ" என்று என் கையை அழுத்தினாய்.

மதராஸிலிருந்து உன்னைக் கொண்டுவந்தார்கள். சுடுகாட்டில் உன் அப்பாவின் தோளில் புதுப் பானை. சுற்றுக்கு ஓர் ஓட்டை. தண்ணீர் பீய்ச்சி அவர் முதுகு நனைந்தது. நான் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்ரெண்டிஸுக்கே பிடிபடாத தப்பை நான் காதாலேயே பிடித்தேன் என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். உன் அம்மாவும் அதையேதான் எல்லோரிடமும் சொன்னார். "அவனுக்கு அடுத்து இதோட அருமை தெரிஞ்சவன் நீதான்" என்று பானை, ஆம்ப்ளிஃபயர், முக்காலி எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

கண்டுபிடிக்க எதுவும் இல்லை. "சிவப்பு வயர் சிவப்போட, கறுப்பு கறுப்போட. மாறிச்சுன்னா ஒண்ணு மூச்சை இழுக்கும்போது இன்னொண்ணு விடும்" என்று நீ சொல்லிக்கொடுத்திருந்தாய். நான் இடது பானைக்குள் வயரை வேண்டுமென்றே மாற்றிப் பற்றவைத்தேன். அரை மணி நேரம் நீ முழிப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு உன் கோபத்துக்குப் பயந்தேன். நீ எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாய். நான் மூடிய பானையை மட்டும் திறக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. கடையில் எனக்கு எந்த உரசலும் கேட்கவில்லை. அந்த ஏழு ஸ்பீக்கர்களையும் சும்மாதான் ஒதுக்கினேன். நீ போன பிறகு வயரைச் சரியாக மாற்றிப் பற்றவைத்து, அதே தட்டை ஓடவிட்டு, உன் முக்காலியில் உட்கார்ந்து கேட்டேன். எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். குரல் நடுவில் வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை, மாப்ளே. எப்போதுமே தெரிந்ததில்லை.