குடைக்காரியும் நான் ஆடாத இருபது ஆட்டங்களும்

அன்பு மருமகளே, என் தீர்ப்புகளுக்கெல்லாம் மேல்முறையீடு போட்ட ஒரே பெண்ணே, ஜெசிந்தா,

கானாடுகாத்தானில் வண்டிக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஒரு பெரிய வீட்டுக்குள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். முன்வாசலில் நுழைந்தவர்கள் பின்வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்யாண வயது வந்துவிடும் என்று சொல்வேனே, அதே வீடுதான். அதனால் அவசரமில்லை. மணி மூன்றுதான் ஆகிறது. வானம் காலையிலிருந்து மூடிக் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தை நம் சபையின் வாட்ஸப் குழுவில் போடப் போகிறேன். நாற்பத்தோரு பேரும் படிப்பார்கள். நாற்பது என்றுதான் சொல்ல வேண்டும். உன் எண்ணை எடுக்க யாருக்கும் கை வரவில்லை, அதனால் நாற்பத்தொன்றாகவே இருக்கிறது. உன் அம்மாவுக்கும் நானே படித்துக் காட்டுவேன். லூர்து அக்காவுக்கு இந்த விளையாட்டு தெரியாது. உனக்குத் தெரிந்ததையே நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகிறேன், பொறுத்துக்கொள்.

அக்கா, இது செல்போனில் ஆடும் கார்டுச் சண்டை. கார்டு ஒவ்வொன்றும் ஒரு வீரன், ஒரு மிருகம், ஒரு மந்திரக்காரி. மாற்றி மாற்றி இறக்கி எதிராளியின் உயிரைத் தீர்க்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு தடவை புதுக் கார்டுகள் வரும். வந்த அன்றே ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறவர் காரைக்குடி, பள்ளத்தூர், கண்டரமாணிக்கம் வட்டாரக் கார்டு சபையின் ஆயுட்காலத் தலைவரும் தலைமைத் தீர்ப்பாளருமான உன் தம்பி சூசை. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நானே பதவியேற்றேன். என் தீர்ப்பு வெளியாகிற அன்று செக்காலை ரோட்டில் பேருந்துகள் தாமே நின்று வழிவிடும். நான் மூன்றுக்குக் கீழே போட்ட கார்டைச் சபை முழுக்க உடைத்துத் தூளாக்கிவிடும். அந்தத் தூளைக் கொண்டு வேறு கார்டு செய்துகொள்ளலாம், அதற்கு விளையாட்டிலேயே வழி இருக்கிறது.

அப்படித்தான், மருமகளே, ஜூன் மாதத்தில் குடைக்காரி வந்தாள். கொட்டும் மழையில், மடக்கிய குடையைக் கையில் வைத்துக்கொண்டு நனைந்து நிற்கும் ஒரு பெண். தாக்கும் பலம் பூஜ்யம். உயிர் நாலு. அவள் நிற்கும்போது நம் கார்டு ஒன்று விழுந்தால், அடுத்து இறங்கும் கார்டு குறைந்த விலைக்கு வரும், வரும்போதே ஒரு அடியைத் தாங்கும் காப்போடு வரும். அவ்வளவுதான் அவள் வேலை. நான் பத்துக்கு ஒன்று போட்டேன். “இவளை வைத்திருப்பதைவிட அந்த இடத்தில் ஒரு செங்கலை வைக்கலாம், செங்கலாவது நனைந்தால் கனக்கும்” என்று எழுதினேன். முப்பது பேர் சிரித்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் சபையில் குடைக்காரி இல்லாமல் போனாள். நானும் என்னுடையதை உடைத்தேன்.

மறுநாள் காலை பள்ளத்தூரில் உன்னை ஏற்றிக்கொண்டு, நீ வேலை பார்த்த காரைக்குடி லேபுக்குப் போகும்போது நீ ஆரம்பித்தாய்.

“மாமா, குடைக்காரிக்கு ஒண்ணு போட்டிருக்கீக.”

“அரைதான் போடலாம்னு இருந்தேன். ஒன் மொகத்துக்காக ஒண்ணு.”

“ஆடிப் பாத்தீகளா?”

“ஆடிப் பாக்கணுமாக்கும். கையில குடைய வச்சுக்கிட்டு நனையுறவளுக்கு என்னாத்துக்குத்தா மார்க்கு?”

“அது அவ குடை இல்ல மாமா. பின்னாடி வாரவுகளுக்கு வச்சிருக்கா.”

“வாரவுகள நான் கார்ல ஏத்திக்கிறேன். அவள வீட்டுக்குப் போகச் சொல்லு.”

நீ சிரித்தாய். ஆனால் விடவில்லை. ஊர் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற பெண்ணல்லவா, நரம்பு கிடைக்கும்வரை விரலால் தட்டிக்கொண்டே இருப்பாய். “இருபது ஆட்டம் அவள வச்சு ஆடுங்க. அதுக்குப் பெறகும் ஒண்ணுன்னு சொன்னீகன்னா நான் வாயத் தொறக்கல” என்றாய். ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்தேன்.

நாலாம் நாள் அதே வண்டியில் சொன்னேன். “ஆடிட்டேன்த்தா. இருபது. இருபதும் தோல்வி. கடைசி ஆட்டத்துல எதிராளியே பாவப்பட்டு அழுதுட்டான்.”

ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, ஜெசி. ஆடுவதற்குக் கார்டே என்னிடம் இல்லை.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “சரி மாமா” என்றாய். என்னோடு வாதாடாமல் நீ சரி என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டாமா?

ஆகஸ்டில் உனக்குக் காய்ச்சல் வந்தது. உன் ரத்தத்தை நீயே எடுத்து, நீயே பார்த்து, “மாமா, பிளேட்லெட் கொஞ்சம் கொறையுது, மதுரைக்குப் போயிருவோம்” என்று சாதாரணமாகச் சொன்னாய். நான்தான் ஓட்டினேன். திருமயத்திலிருந்து தேவகோட்டைவரைக்கும் என்னைப்போல் வேகமாக ஓட்ட ஆளில்லை என்று பெருமையடித்தேன், நீ கண்ணை மூடிக்கொண்டே “மெதுவாப் போங்க” என்றாய். ஐந்தாம் நாள் நீ வேறு வண்டியில் திரும்பினாய். நான் பின்னால் வந்தேன். மதுரையிலிருந்து பள்ளத்தூர்வரை முன்னால் போகிற வண்டியை நான் முந்தாமல் வந்தது என் வாழ்க்கையில் அன்று மட்டும்தான்.

அதன் பிறகு விளையாட்டைத் திறக்கவில்லை. சபையிலும் யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில், இதே ஊரில், இதே மாதிரி ஒரு காத்திருப்பில், கை பழக்கத்தில் திறந்துவிட்டது. நண்பர் பட்டியலில் உன் பெயர் இருந்தது. கீழே, “கடைசியாக வந்தது 68 நாள்களுக்கு முன்.” மறுநாள் பார்த்தேன், 69. அந்த விளையாட்டுக்கு வேறு ஒன்றும் தெரியாது, நாளை மட்டும் சரியாக எண்ணுகிறது. உன் பெயரைத் தொட்டேன். நீ எந்தக் கார்டை எத்தனை ஆட்டத்தில் ஆடினாய் என்று வரிசையாக வந்தது. முதல் வரியில் குடைக்காரி. 312.

நண்பர்கள் இதைப் பார்க்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆயுட்காலத் தலைவர். உன் வரிசையை நான் பார்க்க முடியுமென்றால், என் வரிசையை நீ பார்க்க முடியும். என் பெயரைத் தொட்டேன். தேடித் தேடி அடியில் கண்டுபிடித்தேன். குடைக்காரி. 0.

இங்கே ஹோட்டலாக மாற்றிய பழைய வீட்டின் வரவேற்பில் வேலை பார்க்கும் நம் சபைப் பாண்டியிடம் போனைக் காட்டினேன். “ஏண்டா, இது எல்லாருக்கும் தெரியுமாடா?”

அவன் தலையைச் சொறிந்தான். “தெரியும்ண்ணே. நீங்க இருபது ஆட்டம்னு குரூப்புல பீத்துனீகல்ல, அன்னைக்கே பாத்துட்டோம். படம் புடிச்சுப் போட்டு ஓட்டலாம்னு நாந்தான் சொன்னேன்.”

“போடலையே.”

“ஜெசிதான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுச்சு. யாரும் கேக்கக் கூடாது, மாமா கூசிப் போயிருவாகன்னுச்சு. நாங்களும் விட்டுட்டோம்ண்ணே.” பிறகு மெதுவாகச் சொன்னான், “நீங்க ஒங்க பாட்டுக்கு மார்க்குப் போடுங்க, அது எங்களுக்குப் பொழுதுபோக்கு. கார்ட மட்டும் நாங்க அதுகிட்ட கேட்டுத்தான் ஒடைப்போம்.”

நான் வண்டிக்குத் திரும்பி வந்து ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது பேருக்குத் தெரிந்த என் பொய்யை இரண்டு மாதம் நீ தனியாக மறைத்திருக்கிறாய். காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அளந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு. எப்படி முடிந்தது உன்னால்? எனக்கு ஒரு ரகசியம் தெரிந்தால் பொன்னமராவதிவரை கேட்கும்படி சொல்லிவிடுவேன்.

அப்போதுதான் விளையாட்டின் அஞ்சல் பெட்டியில் சிவப்புப் புள்ளியைக் கவனித்தேன். உன்னிடமிருந்து ஒரு பரிசு. மதுரைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பியிருக்கிறாய். உள்ளே குடைக்காரி. கீழே ஒரு வரி: “மாமா, இருபது எதுக்கு. ஒண்ணே ஒண்ணு ஆடிப் பாருங்க.”

இதைச் சொல்லத்தான், மருமகளே, இவ்வளவு சுற்றினேன். பரிசை வாங்கிக்கொண்டால் அஞ்சல் மறைந்துவிடும். அந்த விளையாட்டு அப்படி. பொத்தானைத் தொட்டால் கார்டு என் கைக்கு வரும், உன் பெயரும் அந்த வரியும் போய்விடும். தொடாமல் விட்டால் உன் வரி இருக்கும், நீ கேட்ட அந்த ஒரு ஆட்டம் நடக்காது. என்னிடம் தூள் இருக்கிறது, குடைக்காரியை நானே செய்துகொள்ளலாம். ஆனால் நீ நீட்டியதை வாங்காமல் நானாகச் செய்துகொண்டால் அது இரண்டாவது பொய் ஆகிவிடாதா? பாண்டி படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னான். பதினொரு தடவை பிடித்தேன். இருந்தும் விரல் போகவில்லை. ஒரு வாரம் அப்படியே கிடந்தது.

நேற்றுக் கல்லறைத் திருநாள். அக்கா அதிகாலையிலேயே சம்பங்கி மாலையோடு கிளம்பிவிட்டது. ஃபாதர் உன் கல்லறை இருக்கும் வரிசைக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் இருந்தது ஒரே குடை. அக்கா தலைக்குப் பிடித்தேன்.

“எனக்கு எதுக்குடா, அங்குட்டுப் பிடி, திரி அணையுது பாரு” என்று அதட்டியது அக்கா.

உன் மெழுகுதிரிகளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபாதர் வரும்வரை, வந்து போன பிறகும். முழுக்க நனைந்தேன். என் தொப்பையில் வழிந்த தண்ணீரில் பள்ளத்தூர்க் கண்மாய் நிரம்பியிருக்கும். அக்கா என்னைப் பார்த்து, “கிறுக்குப் பய, அவளுக்கு ஏத்த மாமன்தான்” என்றது. நீ போனதற்குப் பிறகு அக்கா சிரித்த மாதிரி இருந்தது. சிரித்ததா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை, மழை.

இன்று இங்கே வந்து வண்டியை நிறுத்தியதும் பொத்தானைத் தொட்டேன். உன் வரி போய்விட்டது. பெட்டி காலி.

பிறகு ஆடினேன்.

அவளை இரண்டாவது முறையிலேயே இறக்கினேன். ஒன்றும் செய்யவில்லை. நான் நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன், என் கார்டுகள் விழவே இல்லை, அவள் சும்மா நனைந்துகொண்டு நின்றாள். செங்கல் என்று நான் எழுதியது எவ்வளவு சரி என்று கெட்ட புத்தி ஒரு நிமிடம் மகிழ்ந்தது. அப்புறம் எதிராளி ஒரு பெரிய யானையை இறக்கினான். என் பக்கம் ஒன்று விழுந்தது. அடுத்தது மலிவாக, காப்போடு வந்து நின்றது. அதுவும் விழுந்தது. மறுபடி ஒன்று வந்தது. மூன்று முறை முன்னாலேயே நான் முடிந்திருக்க வேண்டியவன். முடியவில்லை. அவளுக்கும் அடி பட்டுக்கொண்டே இருந்தது, ஒரு உயிர் மிச்சமிருக்கும்போதும் நின்றாள்.

கடைசியில் தோற்றேன், ஜெசி. அவளும் விழுந்தாள், நானும் விழுந்தேன். ஆனால் இப்போது தெரிகிறது, கார்டு வந்த அன்றே மதிப்பெண் போடுகிற எந்தத் தலைவனும் இவளைத் தப்பாகத்தான் எடைபோடுவான். ஜெயிக்கும் ஆட்டத்தில் வைத்துப் பார்த்தால் இவளுக்கு ஒன்றுகூட அதிகம். தோற்கிற ஆட்டத்தில், எல்லாம் போய்க்கொண்டிருக்கும்போது, இவள் நிற்கிறாளா இல்லையா என்பதுதான் ஆட்டமே. 312 தடவை ஆடியவளுக்கு இது தெரிந்திருந்தது. உனக்கு அப்படித் தோற்கிற ஆட்டங்கள் எப்போது இருந்தன? நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினேனே, கேட்டேனா?

சபையோருக்குத் தீர்ப்பைத் திருத்தி எழுதுகிறேன்: நான் இருபது ஆட்டம் ஆடியதாகச் சொன்னது பொய். குடைக்காரிக்குப் பத்துக்கு ஒன்பது. என்னைப்போல் உடைத்தவர்கள் யாராவது இருந்தால் மறுபடி செய்துகொள்ளுங்கள். பத்து போடலாம்தான், ஆனால் மாமா மிகைப்படுத்துகிறார் என்று நினைத்து நீ நம்ப மாட்டாய்.

சென்னைக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள், தூற்றல் வேறு ஆரம்பித்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். போவதற்கு முன் என் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். குடைக்காரி. 1.

நீ ஒன்று போதும் என்றாய். நான் சொன்னது இருபது. இன்னும் பத்தொன்பது இருக்கிறது, ஜெசி. ஒவ்வொன்றையும் ஆடி, அந்த எண் இருபது ஆன அன்று போனை எடுத்துக்கொண்டு பள்ளத்தூருக்கு வந்து உன்னிடம் காட்டுவேன். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னது உண்மையாகிவிடும். அதுவரை எந்தக் கார்டுக்கும் மதிப்பெண் போட மாட்டேன்.

பதவியை ராஜினாமா செய்துவிட்ட,
உன்னை முந்தாமல் பின்னால் வந்த,
உன் தாய்மாமன்
சூசை