கரடி இடித்த புற்று

பங்குனி 1951, வெள்ளிக்கிழமை

எத்தனை முறை கழுவியும் கையில் கரடி நாற்றம் போகவில்லை.

மலையில் தண்ணீர் வற்றியதால் சிவகிரிப் பக்கமிருந்து எங்கள் பருத்திக்காடு வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது. விடியற்காலையில் புற்றுக்குப் பால் ஊற்றப் போன என் மனைவி பேச்சி, பால் செம்பை வழியிலேயே போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "நாகம்மா புத்தைக் கரடி இடிக்குது, பாத்துக்கிட்டு நிக்கியளே!"

கம்பும் அரிவாளுமாக ஓடினோம். அது புற்றுக்குள் மூக்கை நுழைத்துக் கரையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் போகத்தான் திரும்பியது. பேச்சியின் தம்பி மாடசாமி வழியை மறித்தான். "ஏலே, விடாதீங்க! சாமி வீட்டுல கைய வச்சிருக்கு!" கரடி எழுந்து ஒரே அறையில் அவன் கன்னத்தைக் கிழித்தது. பல் வெளியே தெரிந்தது. அப்புறம் யார் எங்கே வெட்டினோம் என்று தெரியாது. புற்றின் மேலேயே விழுந்தது. செத்த பிறகும் அடித்தோம்.

இடிந்த புற்றுக்குள் பார்த்தேன். பாம்பு இல்லை. உரித்த சட்டைகூட இல்லை. கரையான்தான்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டினேன். "புத்துமண்ணு இருக்க ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று பேச்சி அந்த மண்ணையே அள்ளித் தம்பி கன்னத்தில் அப்பினாள். "பாலு ஊறுன மண்ணுல்லா, ஈரமா இருக்கு, குளுந்துரும்."

இன்று யாரும் பால் ஊற்றவில்லை. அந்த ஈரம் கரடியின் ரத்தம். நான் சொல்லவில்லை.

மாடசாமியின் முனகல் நின்றுவிட்டது. தூங்குகிறான் என்கிறாள். எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.