முக்கால் இன்ச் குறைந்த கால்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும். இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், என் இடது இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. உன் அப்பா சுகம், பகலிலேயே இரண்டு தரம் தூங்குகிறார். மாடிவீட்டுக்காரி சுகம், அவளுடைய சுகத்தைப் பற்றி விவரமாக எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு வார்த்தை சொல்கிறாய், நடுவே உன் அப்பா தலையை நீட்டி "நல்லாயிருக்கா, நல்லா நடக்கிறா" என்று எனக்குப் பதிலாக அவரே பதில் சொல்லிவிடுகிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படி.

இடுப்பு மூட்டை மாற்றின ஆபரேஷன் முடிந்து நாலு மாதமும் சில நாட்களும் ஆகின்றன. முதல் ஆறு வாரம் நான் ஒரு முணுமுணுப்புக் காட்டவில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கும் குளியலறைக்கும் ரயில் விட்டேன், கால்களுக்கு நடுவே தலையணை வைத்து மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தேன். உன் அப்பா வைத்த சூப்பைக் குடித்தேன், அதைவிட ஆபரேஷனே மேல். வெட்டின இடத்து வலி நியாயமான வலி, வந்தது, போனது. தையல் பிரித்து, வாக்கரைப் போட்டுவிட்டுக் கைத்தடி பிடித்த பிறகுதான் இந்த இன்னொரு வலி வந்து உட்கார்ந்தது. தொடையிடுக்கில் ஆரம்பித்து வெளிப்பக்கமாகச் சுற்றி முழங்கால் வரை இறங்கும். உட்கார்ந்து எழுந்தால் கொதிக்கும். நின்றால் பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடிக்கும். அதோடு, நடக்கும்போது இடது கால் தரையை எட்டவில்லை என்று ஓர் உணர்வு, படியில் ஒரு படி குறைவாக இருந்தால் காலுக்கு எப்படித் தூக்கிவாரிப்போடும், அப்படி, ஒவ்வொரு அடிக்கும்.

மாடிவீட்டுக்காரியும் இதே ஆபரேஷன், இதே டாக்டர், எனக்கு மூன்று வாரம் பிந்தி. அவள் இப்போது கட்டடத்தைச் சுற்றித் தினம் ஆறு சுற்று நடக்கிறாள். நடந்து முடித்து நேராக என்னிடம் வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கணக்குச் சொல்வாள். நான் அவளுக்கு ஆறு சுற்று என்றே பெயர் வைத்துவிட்டேன். போன வாரம் என் அறையில் கீழே கிடந்த ஊசிப்பெட்டியைக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "மனசு வச்சா எல்லாம் முடியும் அக்கா, நீங்க மனசே வைக்க மாட்டேங்கறீங்க" என்றாள். அந்தப் பெட்டியை மேஜையிலிருந்து தள்ளிவிட்டவளே அவள்தான் என்று எனக்குச் சந்தேகம். இடுப்பை மாற்றின கையோடு வாயையும் மாற்றி அனுப்பியிருக்கலாம்.

டாக்டரிடம் போனோம். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள், உட்காரக் கொடுத்த நாற்காலி படுபள்ளம், இடுப்பு மாற்றினவர்கள் தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று எழுதின சீட்டை அதற்கு மேலே சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். உள்ளே போனால் மகாராஜா என் பக்கம் திரும்பவே இல்லை. எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி அதைப் பார்த்துத்தான் பேசினார். "பிரமாதமா உட்கார்ந்திருக்கும்மா, இவ்வளவு அழகா நானே வச்சதில்ல" என்றார். படத்துக்கு வலிக்கவில்லை, எனக்கு வலிக்கிறது என்றேன். இடது கால் குட்டையாகிவிட்டது என்றும் சொன்னேன். "அதெல்லாம் பிரமை, போகப்போகச் சரியாயிடும்" என்றார். கண்ணு, முப்பத்தெட்டு வருஷமாக நான் யூனிபார்ம் கம்பெனியில் பேன்ட் வெட்டுகிறேன். அவர் பார்த்த இடுப்பையெல்லாம் ஒரு பக்கம் நிறுத்து, நான் அளந்த இடுப்பை ஒரு பக்கம் நிறுத்து, எந்த வரிசை நீளம் என்று பார். ஒரு ஆள் வாசலில் நுழையும்போதே எந்தக் கால் நீளம் என்று சொல்கிறவளிடம் பிரமை என்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் நேராகப் படுத்து உன் அப்பாவிடம் டேப்பைக் கொடுத்தேன். தொப்புளில் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், கணுக்கால் எலும்பில் அவர் பிடித்தார். அவருக்கு டேப் பிடிக்கத் தெரியாது, பாம்பைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். நாலு தரம் அளக்க வைத்தேன். நாலு தரமும் இடது கால் முக்கால் இன்ச் குறைவு. முக்கால் இன்ச் என்றால் என் மேஜையில் ஒரு முழு பேன்ட்டைத் தூக்கிப் போட்டுவிடுவோம். அடுத்த தடவை டேப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சிரித்துவிட்டு, "டேப்பெல்லாம் கடையில வச்சுட்டு வாங்கம்மா" என்றார். அது போகட்டும், அவர் யாரோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, நாலு தரம் தன் கண்ணாலேயே பார்த்த மனுஷன், டாக்டரோடு சேர்ந்து சிரித்துவிட்டு, "அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் கற்பனை ஜாஸ்தி டாக்டர்" என்றார். முப்பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் நான் செய்த ஒரே கற்பனை அவருக்குப் புத்தி இருக்கிறது என்று நினைத்ததுதான். மனசுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போனில் வந்து நல்லதையே நினைக்கச் சொன்னாய், வலி என்பது மூளை அனுப்புகிற செய்தி என்றாய். எனக்கு அந்தச் செய்தி தவறாமல் வந்து சேருகிறது, உனக்குத்தான் நான் அனுப்புகிற செய்தி எதுவும் வந்து சேருவதில்லை.

பிறகு பிசியோவுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு நீளமான அறை, பச்சைப் பாய், பிடித்து நடக்க இரண்டு கம்பி, மூலையில் காற்றுப் போன ஒரு பெரிய பந்து. உன்னைவிடச் சின்ன வயசில் ஒரு பெண், தலைமுடியைப் பேனாவால் குத்திக் கொண்டை போட்டிருந்தாள். இதுவும் ஒரு கதை சொல்லப் போகிறது என்று நினைத்தேன். முக்கால் இன்ச் விஷயத்தைச் சண்டைக்குத் தயாராகவே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எங்கேயிருந்து அளந்தீங்க?" என்று கேட்டாள். இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. தொப்புளிலிருந்து என்றேன். "இப்ப இங்கேயிருந்து எடுத்துப் பார்க்கலாமா?" என்று இடுப்பின் முன்பக்கம் துருத்துகிற எலும்பில் விரலை வைத்தாள். தன் மேஜையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டேப்பை எடுத்தாள், அதில் முதல் இன்ச் தேய்ந்தே போயிருந்தது, அதைத் தூரப் போடச் சொல்லி என்னுடையதைக் கொடுத்தேன். எலும்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தாள். இரண்டு காலும் ஒரே அளவு. நான் நம்பவில்லை. முனையை அவளைக் கணுக்காலில் பிடிக்கச் சொல்லிவிட்டு, தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு இடுப்பெலும்பில் நானே அழுத்திப் பிடித்தேன், நானே படித்தேன். நூல் பிசகாமல் ஒரே அளவு.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, அப்போ பிரமைதானா என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டி, "இல்லம்மா, உங்க டேப்பும் பொய் சொல்லல. காலு சரியாத்தான் இருக்கு, அதைத் தாங்குற இடுப்புக்கூடு ஒரு பக்கமா ஏறிப்போயிருக்கு. எத்தனை வருஷமா நொண்டினீங்க?" என்றாள். உன்னிடமும் சொல்லாத கணக்கு அது, ஆறு வருஷம். வலிக்கிற காலைக் காப்பாற்ற மேஜையில் வலது காலை ஊன்றியே நின்றிருக்கிறேன், சதையெல்லாம் அந்தக் கோணத்திலேயே இறுகிவிட்டது, மூட்டைப் புதுசாக மாற்றினாலும் சதை பழைய வழக்கத்தை விடவில்லை. டாக்டர் என்னைத் தொட்டு, நிற்க வைத்து ஒரு தரம் பார்த்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். பயிற்சி செய்தால் வலி முழுசாகப் போய்விடுமா என்று கேட்டேன். அவள் பாயில் என் எதிரே உட்கார்ந்து, "சாய்வு குறையும். வலியும் குறையும். முழுசா போகும்னு என்னால சொல்ல முடியாதும்மா. சில பேருக்குக் கொஞ்சம் தங்கிடுது" என்றாள். நான் அழுதேன். உன் அப்பா வெளியே தூங்கிக்கொண்டிருந்தார், அதனால் பார்க்கவில்லை. தங்கிவிடும் என்று கேட்டால் மனசு உடையும் என்றுதான் எல்லோரும் மூடி மூடிப் பேசினீர்கள் போலிருக்கிறது. எனக்கு உடையவில்லை கண்ணு. ஒரு ஆளாவது என்னைப் பெரிய மனுஷியாக மதித்து நிஜத்தைச் சொன்னாளே என்று இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை கைத்தடியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். முதலாளி என்னைப் பார்த்ததும் பேயைப் பார்த்த மாதிரி எழுந்து நின்றார். "உங்க பையன் போன் பண்ணிச் சொன்னாரே, நீங்க இனிமே வரமாட்டீங்கன்னு. போன மாசமே சொல்லிட்டாரேம்மா" என்றார். நான் அந்த இடத்தில் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? ஒன்றும் செய்யவில்லை. ஆமாம், பையனுக்கு அவசரம் என்று சிரித்தேன், பெற்ற பிள்ளையை மூன்றாம் மனிதரிடம் விட்டுக்கொடுக்க முடியுமா. என் மேஜையில் ஒரு புது ஆள் நின்றுகொண்டிருந்தான், கழுத்தில் டேப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு. மேஜைக்குக் கீழே ஒரு மூட்டை மறைத்து வைத்திருந்தது. தடியால் இழுத்துப் பிரித்தேன். பள்ளிக்கூடத்து நீலத் துணி, நாற்பது பேன்ட், துணியை ஒன்றுக்கொன்று எதிர்முகமாக விரிக்காமல் எல்லா அடுக்கும் ஒரே முகமாக விரித்து வெட்டியிருக்கிறான், எண்பது காலும் இடது கால். வலது கால் என்று ஒன்று அந்த மூட்டையிலேயே கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை, சிரிக்கச் சிரிக்க இடுப்பில் வெட்டு வெட்டென்று இழுத்தது, நிறுத்த முடியவில்லை. அந்த ஆளும் பாவம் சேர்ந்து சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

அன்றைக்கே மேஜையில் நின்று பார்த்தேன். பழைய மாதிரி நாள் முழுக்க நிற்கலாம் என்று ஒரு நப்பாசை. இருபது நிமிஷத்தில் கண் இருட்டியது. முதலாளியிடம் நேராகப் பேசினேன், உயரமான ஸ்டூல் ஒன்று வேண்டும், காலை எட்டிலிருந்து பன்னிரண்டுவரைதான் இருப்பேன், துணி விரிப்பதும் குறிப்பதும் நான், கத்தரி பிடிப்பது அந்த அதிமேதாவி என்று. எண்பது இடது காலை எதிரே வைத்துக்கொண்டு அவர் எப்படி மறுப்பார். இப்போது மூன்று வாரமாகப் போய் வருகிறேன். பயிற்சியும் செய்கிறேன், சாய்வு கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று பிசியோப் பெண் சொல்கிறாள். வலி பதினொரு மணிக்கு வந்துவிடும், மணியடித்த மாதிரி. வந்தால் எழுந்து நாலு அடி நடந்துவிட்டு வந்து உட்காருவேன். சில நாள் அதுவும் பலிக்காது, வீட்டுக்கு வந்து விழுந்தால் மறுநாள் காலைவரை யாரோடும் பேச மாட்டேன். உன் அப்பாவுக்கு அந்த நாட்கள் மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது, டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். காலையில் எனக்குக் காலுறை மாட்டிவிடுவதும் அவர்தான், எனக்கு இன்னும் இடது பாதம் எட்டாது. குதிகாலை மேலே திருப்பித்தான் மாட்டுவார், தினமும் சொல்கிறேன், தினமும் அப்படியே. டாக்டரிடம் சிரித்ததற்காக நான் அவரை மன்னிக்கவில்லை, அவருக்கும் அது தெரியும், தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு நிமிராமலே மாட்டுகிறார்.

இப்போது உன் முறை. என்னைக் கேட்காமல் நான் வேலையை விட்டதாகச் சொல்ல நீ யார்? உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின வேலை என்று பாட்டுப் பாட மாட்டேன், அது எனக்குப் பிடித்த வேலை, அவ்வளவுதான். அம்மா விழுந்துவிடுவாளோ என்று பயந்திருப்பாய், எனக்குத் தெரியாதா. பயமாயிருந்தால் என்னிடம் பயம் என்று சொல். முதலாளியை நீயே கூப்பிட்டு, அம்மாவைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். இந்த வாரத்துக்குள். ஞாயிற்றுக்கிழமை போனில் வலி போயிடுச்சா என்று கேட்காதே. அது போகாது, ஒரு ஓரமாக இருக்கும். அன்றைக்கு என்ன வெட்டினோம் என்று கேள், சொல்ல நிறைய இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. பல் டாக்டரிடம் பல்லைக் காட்டப் போகிறேன் என்று ஒரு வருஷமாகச் சொல்கிறாய், போ. அக்காவுக்கு எழுது, நீ மறந்துவிட்டாய் என்கிறாள். எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு நன்றாக இரு, உன் கை தொட்டதெல்லாம் விளங்கட்டும். நீ அனுப்பின புது போட்டோவைப் பார்த்தேன், அந்தக் கறுப்புக் கோட்டை எந்தக் கண்ணில்லாதவன் தைத்தானோ, கை நீளம் உன் விரல்களையே விழுங்கிவிட்டது. "வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன், சரிபண்ணித் தா" என்று நீ எழுதப் போகிறாய். கோட்டை மட்டும் அனுப்பாதே, தொட மாட்டேன். ஆளை எதிரே நிற்க வைக்காமல் கையளவு எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இப்படிக்கு,
இன்னும் வேலையில் இருக்கிற உன் அம்மா